எங்கள் வால்பாறை: நிலமும் வரலாறும் வாழ்வும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்

கோவை மாவட்டம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பஞ்சாலைகளும், பம்புசெட்டுப் பட்டறைகளும், தென்னந்தோப்புகளுமே ஆகும். இம்மாவட்டத்தின் தெற்கு மூலையில், ஆண்டில் பாதி நாள் மேகத்துக்குள் மறைந்து கிடக்கும் மலை வட்டம் ஒன்றும் உண்டு. அதுவே வால்பாறை. நான் அங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் வகுப்புத் தோழர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "தினமும் யானை பார்ப்பாயா?" மற்றொன்று, "ஊட்டி போல இருக்குமா?" முதல் கேள்விக்கு விடை, "சில நாட்களில் பார்ப்போம், பாராத நாளே நல்ல நாள்" என்பதாகும். இரண்டாம் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. அதற்காகவே இக்கட்டுரை.

அமைவிடம்

மேற்குத் தொடர்ச்சி மலை குமரி முனையிலிருந்து வடக்கு நோக்கி நீளும் வழியில் பாலக்காட்டுக்கு அருகே ஓரிடத்தில் அறுபட்டு நிற்கிறது. அந்த இடைவெளியைத்தான் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இந்த ஆனைமலைத் தொகுதியில், கேரள எல்லைக்குள் அமைந்துள்ளது. அதற்கு வடமேற்கே, ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், குன்றுகளும் பள்ளங்களுமாக விரிந்து கிடக்கும் பீடபூமியே வால்பாறை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 40. அடிவாரத்தில் முட்புதர்க் காடு. சற்று மேலே இலையுதிர் காடு. அட்டகட்டியைக் கடந்தால் பசுமைமாறாக் காடு. கவர்க்கல்லைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. தாவரவியல் மாணவர் ஒருவர் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வந்தாலே போதும். பாடநூலில் உள்ள காட்டு வகைகளில் பாதியை மூன்று மணி நேரத்திற்குள் கண்ணாரக் காணலாம்.

மழையும் ஆறும்

சூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்ததும் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. வால்பாறைப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் சின்னக்கல்லாறு முதன்மையானது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. எனவேதான் மழை மறைவில் உள்ள கோவை நகருக்கு ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிதாக உள்ளது.

இங்கே இயற்கை செய்துள்ள ஏற்பாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மலையில் பிறக்கும் ஆறுகளில் பெரும்பாலானவை மேற்கு நோக்கியே ஓடுகின்றன. சோலையாறும் பரம்பிக்குளம் ஆறும் சாலக்குடி ஆற்றில் சேர்கின்றன. நீராறு இடமலையாற்றின் வழியே பெரியாற்றை அடைகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும் ஆழியாறுகூடச் சமவெளியில் சிறிது தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பாரதப்புழைக்கே போகிறது. மழை இங்கே, நிலம் அங்கே என்று பிரிந்து கிடந்ததைச் சேர்த்து வைக்க மனிதன் செய்த முயற்சியைப் பின்னர் கூறுவேன்.

காடும் காட்டின் மக்களும்

பீடபூமியின் பழைய காடு மழைக்காடு ஆகும். வெடிப்பலா, நாங்கு, பாலா முதலிய மரங்கள் வானை மறைத்து நிற்கும். வெடிப்பலாவின் பூவையும் விதையையும் தின்று வாழ்வது சிங்கவால் குரங்கு. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இவ்விலங்கு இயற்கையாக வாழ்வதில்லை. பெரிய மரங்களின் பொந்தில் கூடு வைக்கும் இருவாச்சிப் பறவை, தான் தின்ற பழங்களின் விதைகளைக் காடெங்கும் பரப்புகிறது. இன்னும் உயரே, அக்காமலைப் பகுதியில், புல்வெளியும் அதன் மடிப்புகளில் சோலையுமாக நிலம் மாறுகிறது. அது வரையாட்டின் வீடு. சோலைத் தரையில் இலைமட்கு மெத்தைபோலப் படிந்திருக்கும். பெய்யும் மழையை அது பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகிறது. இந்தப் புல்வெளியும் கரியன் சோலையும் 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளாகச் சேர்க்கப்பட்டன.

இம்மலையின் முதற்குடிகள் காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், இரவாளர் ஆகியோர். காடர் தேனும் குந்திரிக்கமும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்தவர்கள். மூங்கிலில் நுட்பமான வேலைப்பாட்டுடன் சீப்புச் செய்து மணப்பெண்ணுக்கு அளிப்பது அவர்கள் வழக்கம். மலசர்கள் யானையைப் பழக்குவதில் வல்லவர்கள். டாப்சிலிப்புக்கு அருகே உள்ள கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் அவர்களே பாகர்கள். பதிற்றுப்பத்து குறிப்பிடும் 'உம்பற்காடு', அதாவது யானைக்காடு, ஆனைமலைப் பகுதியே என்பது அறிஞர் சிலர் கருத்து. அது எவ்வாறாயினும், பெயரிலேயே ஆனையைக் கொண்ட மலை இது என்பதில் ஐயமில்லை.

முதலில் இறங்கியது மரம்

மலைச் செல்வம் பெரிய அளவில் வெளியே போகத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். பம்பாயில் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு தேவைப்பட்டது. ஆனைமலைத் தேக்கு உலகின் சிறந்த தேக்குகளுள் ஒன்று. 1840-களின் இறுதியில் ஆங்கில அரசு இங்கே மரம் வெட்டுவதற்கென்றே ஓர் இராணுவ அதிகாரியை அமர்த்தியது. யானைகள் மரத்தை இழுத்துவந்து மலை விளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து சரிவில் உருட்டிக் கீழே தள்ளுவார்கள். மரம் சறுக்கிய அந்த உச்சி இடம்தான் 'டாப் சிலிப்' ஆயிற்று. கப்பலுக்குப் பின் இருப்புப்பாதை வந்தது. தண்டவாளத்தின் அடியில் இடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டியிருந்தது. மலையின் மறுபக்கம், பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்குவதற்காகவே கொச்சி சமஸ்தானம் 1907-ஆம் ஆண்டளவில் ஒரு டிராம் பாதையே அமைத்தது.

வெட்டிய வேகத்தில் காடு குறைந்தது. 1856-இல் சென்னை மாகாண வனத்துறை உருவாகி, டாக்டர் கிளெகார்ன் அதன் முதல் தலைவரானார். ஆயினும் ஆனைமலைத் தேக்குக்கு மறுவாழ்வு அளித்தவர் என்று சொல்லப்படுபவர் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி. 1916-ஆம் ஆண்டளவில் இங்கே வந்த அவர், மரத்தை வேரோடு பறிக்காமல் தரைக்குச் சற்று மேலே வெட்டச் செய்தார். நெல்லின் தாளிலிருந்து மறுதாம்பு துளிர்ப்பதுபோலத் தேக்கின் அடிக்கட்டையிலிருந்தும் புதுத் தளிர் கிளம்பும். அத்துடன் புதிய கன்றுகளும் நடப்பட்டன. அவர் தம் கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, சட்டைப்பையில் கொண்டுபோன தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று டாப்சிலிப்பில் இன்றும் சொல்வார்கள். 1933-இல் மறைந்த அவரது கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே உள்ளது.

அடுத்து இறங்கியது தேயிலை

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வால்பாறைப் பக்கத்தில் காப்பி பயிரிடும் முயற்சிகள் நடந்தன, அவை நிலைக்கவில்லை. அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இலங்கையில் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் தாக்கியது. 1869-இல் அங்கே தோன்றிய அந்தப் பூஞ்சை சில ஆண்டுகளில் காப்பித் தொழிலையே அழித்துவிட, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். உலகச் சந்தையில் தேயிலைக்குக் கிராக்கி ஏறியது. அந்த அலை ஆனைமலைக்கும் வந்தது. 1890-களில் அரசிடமிருந்து பெரும் பரப்பில் நிலம் பெற்று மழைக்காட்டை அழித்துத் தோட்டங்கள் போடப்பட்டன. அவர்களுள் முன்னோடியாகக் கருதப்படும் கார்வர் மார்ஷ் என்னும் துரையின் சிலை கவர்க்கல்லில் இருக்கிறது.

தேயிலை உண்மையில் ஒரு மரம். தன் போக்கில் விட்டால் இரண்டாள் மூன்றாள் உயரத்திற்கு மேல் வளரும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி இடுப்பளவிலேயே நிறுத்துவதால்தான் அது செடிபோலத் தோன்றுகிறது. வெட்டுப்பட்ட மரம் பூவையும் காயையும் மறந்து தளிரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தளிரில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததே கொழுந்து. பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். பிறகு எந்திரத்தில் நசுக்குகிறார்கள். நசுங்கும்போது இலைச் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியே இருந்த பாலிபீனால்களும் நொதியும் கலந்து காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்கின்றன. பச்சை இலை செம்புநிறமாவது இதனால்தான். ஆலையில் இதனை 'நொதித்தல்' என்று சொன்னாலும் தயிர் புளிப்பதுபோல நுண்ணுயிர் செய்யும் வேலை அன்று, ஆக்சிசனேற்றமே ஆகும். பின்பு உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் விடுதியில் குடிக்கும் ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் ஒரு கைப்பிடிக் கொழுந்தும் அதைப் பறித்த ஒரு கையும் உள்ளன.

கை யாருடையது?

மழைக்காட்டை வெட்டவும் தேயிலை நடவும் ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டனர். இராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து வந்தார்கள். முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை மலை இறங்க முடியாது. 1903-ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை மீறிப் போகும் தொழிலாளியைத் தண்டிக்கவும் இடம் தந்தது. அட்டைக்கடியும் கடுங்குளிரும் போக, மலேரியாவினால் மாண்டவர் பலர். அந்நோய்க்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரத்தை அரசே இங்கே பயிரிட்டது. வால்பாறைக்கு அருகே ஓர் ஊருக்கு இன்றும் சின்கோனா என்றே பெயர்.

தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், தாம் கண்டும் கேட்டும் அறிந்ததை வைத்து ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்னும் நாவலை எழுதி 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழாக்கினார். நம் கல்லூரி நண்பர்கள் அதனைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதிலுள்ள துயரம் எல்லாம் கதைக்காகச் சேர்த்தது என்று எண்ணியிருந்தேன். எங்கள் லைனில் இருக்கும் முதியவர்களிடம் கேட்ட பிறகு அவ்வாறு எண்ணவில்லை.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் முதலியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்க்கு வேலை தர அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நீலகிரியில் பெரும்பகுதியும் வால்பாறையில் ஒரு பகுதியும் அக்கழகத் தோட்டங்கள் அமைந்தன.

என் அப்பத்தா 1950-களில் இராமநாதபுரச் சீமையிலிருந்து தம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுமியாக மலையேறியவர். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். அப்பா ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நீரின் பயணம்

மலையிலிருந்து மூன்றாவதாக இறங்கியது நீர். மேற்கே ஓடும் ஆறுகளைக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைப் பிரதமர் நேரு 1961 அக்டோபர் 7-ஆம் நாள் தொடங்கிவைத்தார். காமராசர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் அமைச்சராகவும் இருந்த காலம் அது. கேரளத்துடனான உடன்படிக்கை 1970-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே செல்லுபடியாகும் எனக் கொள்ளப்பட்டது.

திட்டத்தின் அமைப்பு வியக்கத்தக்கது. மேல்நீராறு, கீழ்நீராறு ஆகியவற்றின் நீர் குகைவழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த வழியில் மானாம்பள்ளி மின்நிலையத்தில் இறங்கிப் பரம்பிக்குளத்தை அடைகிறது. பரம்பிக்குளம் அணை கேரள எல்லைக்குள் இருப்பினும் அதனை இயக்குவது தமிழ்நாடு. பிறகு தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம், அங்கிருந்து ஒரு கிளை ஆழியாற்றுக்கு, மற்றொரு கிளை மலையோரமாகவே சுமார் 49 கிலோமீட்டர் ஓடும் காண்டூர்க் கால்வாய் வழியே திருமூர்த்தி அணைக்கு. ஒரே நீர் வழியில் மின்சாரமும் தந்து, முடிவில் வயலுக்கும் பாய்கிறது. உடன்படிக்கைப்படி கேரளத்திற்கு மணக்கடவில் 7.25 டி.எம்.சி.யும், சோலையாற்றில் 12.3 டி.எம்.சி.யும் விடவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

இத்திட்டத்தால் பாசனம் பெறும் நிலம் 4 லட்சம் ஏக்கருக்கு மேல். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து நம் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் பலர் 'பி.ஏ.பி. வாய்க்கால்' என்று சொல்வது இதனைத்தான். நீர் போதாமையால் பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மண்டலத்துக்கும் முறைவைத்து விடுகிறார்கள். பொள்ளாச்சியின் தென்னைக்கும் இளநீருக்கும் பின்னால் சின்னக்கல்லாற்று மழை இருக்கிறது. மடை திறக்கும் நாளைக் கணக்கிட்டுக் காத்திருக்கும் உழவர்கள், சோலையாறு அணை 160 அடியை எட்டிவிட்டதா என்று செய்தித்தாளில் பார்ப்பதும் இதனால்தான்.

இதே மலையில் உள்ள காடம்பாறை 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் ஆகும். தமிழ்நாட்டில் இவ்வகையில் இதுவே முதலாவது. மின்தேவை குறைந்த நேரத்தில் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். சேமித்து வைக்க முடியாத மின்சாரத்தை நீராக மாற்றிச் சேமிக்கும் உத்தி இது.

தீவுகளான காடு

தோட்டங்கள் வந்தபின் வால்பாறைப் பீடபூமியில் மழைக்காடு துண்டு துண்டாகியது. சுமார் 220 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் தேயிலைக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு காட்டுத் துண்டுகள் தீவுகள்போல நிற்கின்றன. சுற்றிலும் உள்ள காடு 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. யானைக்குச் சரணாலய எல்லை தெரியாது. அது தன் பாட்டன் பூட்டன் நடந்த தடத்திலேயே நடக்கிறது. அத்தடத்தின் மேல் எங்கள் லைன் வீடுகளும் ரேசன் கடைகளும் நிற்கின்றன. அரிசி வாசனைக்கு யானை சுவரை இடிப்பதும், இருட்டில் எதிர்ப்பட்டவர் உயிரிழப்பதும் நேர்ந்துள்ளன. சிறுத்தையால் குழந்தைகளை இழந்த குடும்பங்களும் உண்டு.

இதற்கு எளிய உபாயம் ஒன்றை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டனர். யானைக் கூட்டம் நிற்கும் இடத்தை அறிந்து, அப்பகுதி மக்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் அமைத்தார்கள். விளக்கு எரிந்தால் அருகே யானை உண்டு என்று பொருள். மாலைப் பேருந்தில் இறங்குபவர் விளக்கைப் பார்த்துவிட்டு நிற்கலாம், அல்லது சுற்றுவழியில் போகலாம். யானையை விரட்டுவதைவிட அது இருக்கும் இடத்தை அறிவதே பயனுடையது என்பதை இது காட்டிற்று. அவர்களே தோட்டங்களின் ஒத்துழைப்புடன் காட்டுத் துண்டுகளில் வெடிப்பலா முதலிய உள்நாட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைத் தாண்ட மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது இறங்குவது மக்கள்

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் வால்பாறை நகராட்சியில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் இருந்தனர். 2011-இல் ஏறத்தாழ 71 ஆயிரம் பேர். பத்தாண்டில் நான்கில் ஒருவர் மலையை விட்டுப் போய்விட்டார். நாடெங்கும் மக்கள்தொகை பெருகிய காலத்தில் ஓர் ஊர் இவ்வளவு சுருங்கியதற்குக் காரணம் என்ன?

முதற்காரணம் தேயிலை விலை. தென்னிந்தியத் தேயிலைக்குச் சோவியத் நாடு பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 1991-இல் அந்நாடு சிதறியது. 1990-களின் இறுதியில் விலை வீழ்ந்தது. சில தோட்டங்கள் முடங்கின. பலவற்றில் ஆட்குறைப்பு நடந்தது. கையால் எடுத்த கொழுந்தைக் கத்தரியால் எடுக்கத் தொடங்கியதும் அதன் விளைவே. திருப்பூர்ப் பனியன் ஆலைகளும் கோவை மில்களும் இளைஞர்களை அழைத்துக்கொண்டன. அவர்கள் விட்டுச்சென்ற வேலைக்கு ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் முன்னோர் வந்ததுபோலவே அவர்களும் மொழியறியாமல் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்குகிறார்கள்.

இரண்டாம் காரணம் வீடு. இதனைச் சற்று விளக்க விரும்புகிறேன். மலையில் பெரும்பகுதி காடு. காடு அல்லாதது தோட்டம். வீட்டுமனையாக ஒரு தொழிலாளி வாங்கக்கூடிய நிலம் மிகச் சிறிது. நாங்கள் குடியிருக்கும் லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அப்பத்தா ஓய்வு பெற்றபோது, அதே வீட்டுக்கு அப்பா பெயர் கொடுத்ததால் குடும்பம் அங்கேயே இருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் அம்மாவும் அப்பாவும் ஓய்வு பெறுவார்கள். அப்போது வீடு எங்களிடம் இருக்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தால் படிப்பு நிற்கும். படித்தால் வீடு போகும். என்னைப் படி என்று சொன்னவர் அம்மா. "நாப்பது வருசமா இந்தத் தூரையே கட்டிக்கிட்டு அழுதாச்சு. நீ கீழ போயி உன் பேரைக் காயிதத்துல எழுது" என்றார். அந்த வீட்டின் பின்புறம் அப்பத்தா நட்ட பேரிக்காய் மரமும் சௌசௌக் கொடியும் இருக்கின்றன. அவற்றுக்கும் எங்களுக்கும் எந்தக் காகிதத்திலும் தொடர்பில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையன்று. லைன் முழுவதும் இதே கணக்குத்தான். 2024-இல் திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டப் பணிகள் நிறுத்தப்பட்டபோது, நான்கு தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் எங்கே போவது என்று தவித்ததைச் செய்திகளில் கண்டோம். முதற்குடிகளின் நிலையும் வேறன்று. 2019 பெருமழையில் மண் சரிந்து கல்லாறு குடியிருப்பின் காடர்கள் வீடிழந்தார்கள். மலைக்கே உரிமையாளர்களான அவர்கள் எங்களைப்போலத் தோட்ட லைன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டு, பல ஆண்டுகள் போராடியே தெப்பக்குளமேட்டில் இடம் பெற்றார்கள்.

செய்யத்தக்கவை

சுற்றுலா வால்பாறையை வாழவைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். வண்டிகளின் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க 2025 நவம்பரில் இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்தது. வருவோர் வரட்டும், ஆனால் தங்கும் விடுதிக்குக் கிடைக்கும் நிலம் ஓய்வு பெற்ற தொழிலாளிக்குக் கிடைக்காமற் போவது முறையாகாது. என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறும் குடும்பத்துக்குப் பட்டாவுடன் ஒரு சிறு வீட்டுமனை. காட்டை அழிக்க வேண்டியதில்லை. கைவிடப்பட்ட தோட்டப் பரப்பில் ஒரு மூலை போதும். இரண்டாவது, காட்டுத் துண்டுகளைச் சீர்செய்யும் வேலையை அரசு விரிவாக்கி, நாற்றங்கால் வளர்க்கவும் நடவும் காவல் காக்கவும் எங்கள் ஊர் இளைஞர்களையும் பழங்குடியினரையும் அமர்த்துதல். மரம் வெட்ட அழைத்துவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மரம் நடக் கூலி பெற்றால் அதைவிட நல்ல வேலை வேறில்லை. மூன்றாவது, மலை நீரால் வளம் பெறும் சமவெளி அந்த மலையின் பள்ளிகளையும் மருத்துவமனையையும் தன் பொறுப்பாகக் கருதுதல். நீர்ப்பிடிப்புப் பகுதி என்று வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய இடத்தில் மனிதர்களும் வாழ்கிறார்கள்.

மரமும் தேயிலையும் நீரும் அந்த 40 வளைவுகளில் இறங்கிக் கோவைக்கும் உலகுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு ஈடாக மேலே ஏறியது மிகக் குறைவு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. நம் துறைச் சுற்றுலா வால்பாறைக்கு வரும்போது, நண்பர்களே, அருவியையும் தேயிலையையும் படம் எடுத்த பின் ஏதேனும் ஒரு லைனில் சற்று நின்று, அங்கே இருப்பவர்களிடம் ஓய்வு பெற்ற பிறகு எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். தேநீர் கொடுத்து உட்காரவைத்துச் சொல்வார்கள். கேட்டதைக் கீழே வந்து நாலு பேரிடம் சொல்லுங்கள்.